காற்று இலவசம், ஆக்சிஜனுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஒரு சிலிண்டர் ஆக்சிஜனுக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. கள்ளச்சந்தையில் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். அது நியாயமா என்று பார்க்க அவர்களுக்கு அவகாசமும் இல்லை, விவரமும் இல்லை. அந்த விவரம் நெருக்கடிக்கு முன்பே நம் கையில் இருக்க வேண்டும்.

விலை எங்கிருந்து வருகிறது?

காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. காற்றைக் கம்ப்ரசரில் அழுத்தி, ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கி, உறைகுளிர் நிலைக்குக் கொண்டுபோய்த் திரவமாக்குகிறார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும்; ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில். அதனால் நைட்ரஜன் ஆவியாகி மேலே போக, ஆக்சிஜன் அடியில் தங்கும். மூலப்பொருளுக்குக் காசில்லை, மின்சாரத்துக்குத்தான் பெருஞ்செலவு. பெரிய ஆலையில் ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் அரை யூனிட் ஆகும். அதையே திரவமாக எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு.

உங்கள் உரிமை

மருத்துவ ஆக்சிஜன் சட்டப்படி ஒரு மருந்து. 2020 செப்டம்பரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், சிலிண்டரில் நிரப்பித் தரும் ஆக்சிஜனுக்குக் கன மீட்டருக்கு ரூ.25.71 என்று உச்சவரம்பு வைத்தது. 7 கன மீட்டர் பிடிக்கும் பெரிய சிலிண்டருக்கு, ஜிஎஸ்டி நீங்கலாக, ஏறக்குறைய 180 ரூபாய். இன்றைய உச்சவரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். முன்பணம், வாடகை, வண்டிச்செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

கசிவு எனும் ஆபத்து

2021 ஏப்ரல் 21 அன்று நாசிக் மருத்துவமனை ஒன்றில் திரவ ஆக்சிஜன் தொட்டி கசிந்து, குழாயில் அழுத்தம் குறைந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தனர். கசிந்த ஆக்சிஜன் மூடிய அறையில் 23.5 விழுக்காட்டைத் தாண்டினால் சிறு தீப்பொறி பட்டாலும் துணியும் தலைமுடியும்கூடச் சட்டென்று பற்றி எரியும். வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. சிலிண்டர் இருக்கும் அறையில் பீடி, சிகரெட், ஊதுபத்தி, விளக்கு எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

ஆக்சிஜன் ஆலைகள் கம்ப்ரசரின் காற்று வடிகட்டிகளையும் குளிர்விப்பான்களையும் சுத்தமாக வைத்திருந்தாலே மின்சாரம் மிச்சமாகும். தேவை குறையும் நேரத்தில் ஆக்சிஜனை வெளியே திறந்துவிடாமல் உற்பத்தியைக் குறைக்கலாம். அங்கீகாரம் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரை அழைத்தால், மின்சாரம் எங்கே வீணாகிறது என்பது தெரியவரும். மருத்துவமனைகள் குழாய் இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கூடுதல் விலை கேட்டால் ரசீதோடு மருந்து விலை நிர்ணய ஆணையத்திடமும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படுபவர் இருந்தால், சிலிண்டர் எத்தனை கன மீட்டர், கன மீட்டர் என்ன விலை என்ற இரண்டு கேள்விகளையும் அடுத்த முறை நிரப்பும்போதே கேளுங்கள்.