கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியுமா?

முழங்கை நீளத்தில் ஒரு பெட்டி. திறந்தால் கட்டுக்கட்டாக மெல்லிய மரக் கீற்றுகள், முன்கூட்டியே வெட்டிய ஒட்டுப்பலகைச் சட்டங்கள், கடுகைவிடச் சற்றே பெரிய கப்பிகள், விரல் நகமளவு பீரங்கிகள், சுருள் சுருளாக நூல், விரித்தால் மேசையை மூடிவிடும் வரைபடங்கள். "டீச்சர், இது கப்பலா, விறகா?" என்று கேட்டான் அறிவியல் கழக மாணவன் ஒருவன். பல மாதம் பொறுமையாக ஒட்டினால் கப்பல், பொறுமை போனால் விறகுதான்.

இங்கிலாந்தின் கால்டர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் இந்தப் பெட்டியில் இருப்பது 'ஷெர்போர்ன்'. 1763இல் லண்டனுக்கு அருகில் வூல்விச்சில் கட்டிய கட்டர் வகைக் கப்பல். வடிவமைத்தவர் தாமஸ் ஸ்லேட். நெல்சனின் புகழ்பெற்ற 'விக்டரி' போர்க்கப்பலை வரைந்தவரும் அவரே. கட்டர் என்றால் ஒரே பாய்மரம், அகன்ற உடல், உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய பாய், முகப்பிலிருந்து முன்னே நீண்டுகொண்டு போகும் ஒரு கம்பம். வேகத்துக்காகவே பிறந்த வடிவம். ஷெர்போர்ன் கடற்படைக்குச் சொந்தமானது. ஆனால் அதன் வேலை, வரி கட்டாமல் சரக்கு கடத்தும் படகுகளைத் துரத்துவது.

என்ன சரக்கு தெரியுமா? பிராந்தி, புகையிலை, அவற்றோடு நாம் காலையில் குடிக்கும் தேயிலை! பிரிட்டனில் தேயிலை வரி 119 விழுக்காடு வரை ஏறியிருந்தது. 1784இல் அதை 12.5 விழுக்காடாகக் குறைத்ததும் தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. பீரங்கிகளால் முடியாததை ஒரு சட்டம் சாதித்தது. கடத்தல்காரர்களும் கட்டர்களையே ஓட்டியதால், தனியார் படகின் முன்கம்பம் எவ்வளவு நீளலாம் என்றுகூடச் சட்டம் போட்டார்கள். கம்பம் நீண்டால் கூடுதல் பாய், கூடுதல் பாய் என்றால் கூடுதல் வேகம்.

நீரும் வரியும் நம் பேராக்கிற்கும் புதிதல்ல. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானதே 'புளூட்டோ' என்ற கப்பலில்தான். அதன் பத்தாவது விதி, வரி வசூலை ரெசிடெண்டின் ஆலோசனைக்குள் கொண்டுவந்தது. பேராக் ஆற்றில் போகும் படகுகளிடம் வரி வாங்கிவந்த தலைவர்களுக்கு அது கசந்தது. மறு ஆண்டு பாசிர் சாலாக்கில் பர்ச் கொல்லப்பட்டதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

சரி, பெட்டிக்கு வருவோம். மேலே '1:64' என்று போட்டிருக்கிறது. உண்மைக் கப்பலின் உடல் சுமார் பதினாறரை மீட்டர். மாதிரியில் அது 26 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டர் தடிமன் கயிறு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நூலாகிறது. இதுவரை வெறும் வகுத்தல் கணக்கு.

ஆனால் பாயின் பரப்பளவு 64இல் ஒன்றாக அல்ல, 64 × 64, அதாவது 4,096இல் ஒன்றாகக் குறைகிறது. கன அளவும் எடையும் இன்னொரு 64ஆல் குறைந்து 2,62,144இல் ஒன்றாகின்றன. உதாரணத்துக்கு, 100 டன் கப்பலை எல்லா வகையிலும் சரியாகச் சுருக்கினால் 380 கிராம்தான் தேறும். ஒரு பெரிய மாம்பழத்தின் எடை.

இப்போது அதை ஈப்போ பக்கத்தில் உள்ள பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் மிதக்க விடுங்கள். சாதாரண மாலைக் காற்று போதும், கவிழ்ந்துவிடும். அசல் கப்பல் அதே காற்றில் ஒய்யாரமாகப் போயிருக்கும். ஏன்?

கப்பலைச் சாய்ப்பது பாயில் விழும் காற்று விசை. அது பரப்பைப் பொறுத்தது. அந்த விசை எவ்வளவு உயரத்தில் தள்ளுகிறது என்பதும் சேரும். ஆக, சாய்க்கும் திறன் 4,096 × 64 மடங்கு குறைகிறது. நிமிர்த்துவதோ கப்பலின் எடையும், எடைக்கும் மிதப்புக்கும் நடுவே உள்ள தூரமும். இது 2,62,144 × 64 மடங்கு குறைகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், மாதிரியின் நிமிரும் திறன் 64 மடங்கு கூடுதலாக நலிந்துவிட்டது. கப்பலைச் சுருக்கினோம், காற்று மட்டும் அப்படியே வீசுகிறது.

காற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் காற்றை 64இன் வர்க்கமூலமான 8ஆல் குறைத்தால் கணக்கு நேராகும். அசல் கப்பலுக்கு மணிக்கு 32 கிலோமீட்டர் காற்று என்றால், மாதிரிக்கு 4 கிலோமீட்டர், நாம் நடக்கும் வேகம். காற்றைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் வேறு வழி செய்கிறார்கள். குளத்தில் ஓடும் மாதிரிப் படகுகளின் அடியில் நீளத் தண்டு தொங்கும், அதன் நுனியில் ஈயக் குண்டு இருக்கும். அசல் கப்பலில் அப்படி ஒன்று இருக்கவே இருக்காது. வீட்டில் செய்து பார்க்க ஒரு தொட்டித் தண்ணீர், மேசை விசிறி, கம்பியில் கட்டிய ஒரு திருகாணி போதும். கம்பியை நீட்டி நீட்டிப் பாருங்கள்.

இதே 8 என்ற எண் வேகத்திலும் வருகிறது. கப்பல் எழுப்பும் அலைகளை மாதிரியிலும் அதே வடிவில் பார்க்க வேண்டுமானால், அதை அசல் வேகத்தில் எட்டில் ஒரு பங்கில் இழுக்க வேண்டும். இதை நிறுவியவர் வில்லியம் ஃப்ரூட். 1867இல் 3, 6, 12 அடி மாதிரிகளை ஆற்றில் இழுத்துப் பார்த்தார். 1872இல் டார்க்கீ நகரில் தம் வீட்டருகே அதற்கென்றே நீண்ட தொட்டி கட்டினார். இன்றும் புதிய கப்பல்களின் மாதிரிகளை இப்படித்தான் தொட்டியில் இழுத்துச் சோதிக்கிறார்கள். நேரமும் எட்டில் ஒன்றாகிறது. அசல் கப்பல் ஒரு முறை ஆடி முடிக்க 4 விநாடி எடுத்தால், மாதிரி அரை விநாடியில் வெடுக்கென்று ஆடிவிடும். பழைய படங்களில் புயலில் சிக்கிய கப்பலைப் பார்த்ததும் "பொம்மை" என்று நம் கண் கண்டுபிடிப்பது இதனால்தான். விவரம் தெரிந்தவர்கள் வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள்.

அலமாரியில் வைக்கப்போகிறவருக்கும் சுருங்காத பொருள் ஒன்று உண்டு: மரத்தின் ரேகை. அசல் கப்பல் ஓக் மரம் என்பதற்காக மாதிரியையும் ஓக்கில் செய்தால், அதன் ஒவ்வொரு துளையும் 64 மடங்கு பெரிய பள்ளம் போலத் தோன்றும். நெருக்கமான ரேகையுள்ள மரம்தான் இதற்குப் பொருந்தும்.

இதில் நமக்கு யோகம். வெளிநாட்டு மாதிரிக் கலைஞர்கள் தேடி வாங்கும் ஜெலுத்தோங் நம் காட்டு மரம். ஒரு காலத்தில் அதன் பாலைச் சூயிங்கத்துக்காக எடுத்தார்கள். மரம் மென்மை, ரேகை நேர், கத்திக்கு வெண்ணெய். பால் ஓடிய இடங்களில் மட்டும் சின்னக் கீறல்கள் இருக்கும், பார்த்து வெட்ட வேண்டும்.

அசல் பெட்டிக்குச் சில நூறு ரிங்கிட் ஆகும். தோட்டம் போய்ப் பள்ளி மட்டும் மிஞ்சிய இடங்களில் படிக்கும் பிள்ளைகளிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வராது. ஆகவே உடலுக்கு ஜெலுத்தோங் துண்டு, மேல்தளப் பலகைக்கு ரப்பர் மரக் கீற்று. தாத்தா பாட்டி பால் சீவிய அதே மரம்தான். ஏறக்குறைய 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டுவார்கள். முன்பு அடுப்புக்குப் போனது, இப்போது நாற்காலி மேசையாகிறது. வெளிர் மஞ்சள் நிறம் மேல்தளத்துக்குக் கச்சிதம். கீற்றை நனைத்துக் கெண்டியின் ஆவியில் காட்டினால், நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகி வளைந்து கொடுக்கும். வளைத்தபடியே கட்டிவைத்துக் காயவிட்டால் அந்த வடிவிலேயே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: புதிதாக வெட்டிய ரப்பர் மரம் வேண்டாம். அதில் மாவுச்சத்து அதிகம், சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், வண்டும் துளைக்கும். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் போரான் மருந்தேற்றி உலர்த்திய மரத்தின் மிச்சத் துண்டுகள் கிடைக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.