டைமிங் பெல்ட்: பழைய விளையாட்டுக் கார்களுக்கு மாற்றுப்பட்டை தேர்ந்தெடுத்தல்

டைமிங் பெல்ட் (நேரப்பட்டை) என்பது காரின் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுக்குக் கடத்தும் பல்லுள்ள ரப்பர் பட்டை ஆகும். பிஸ்டன் மேலும் கீழும் செல்வதற்கு ஏற்ப வால்வுகள் உரிய நொடியில் திறந்து மூடுவதை இதுவே உறுதி செய்கிறது. குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டிய உறுப்பு இது. உற்பத்தி நின்றுபோன பழைய விளையாட்டுக் கார்களுக்குச் சரியான பட்டையைக் கண்டறிவது தனிக் கவனம் தேவைப்படும் வேலை.

பலரும் இதை ஃபேன் பெல்ட்டுடன் குழப்பிக்கொள்வது உண்டு. ஃபேன் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே தெரியும்; அறுந்தால் மின்னேற்றமும் குளிர்விப்பும் நிற்கும். மதுரை ஃபென்னர் ஆலையின் வி-பெல்ட்டுகளைப் பம்புசெட்டுகளில் பார்த்துப் பழகிய உழவர்களுக்கு அந்த வகை நன்கு தெரியும். அது உராய்வினால் இழுப்பது, சற்று வழுக்கினாலும் குற்றமில்லை. டைமிங் பெல்ட் மூடிக்குள் மறைந்திருப்பது; ஒரு பல்கூட வழுக்கக் கூடாது.

செயல்படும் முறை

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். ஆகவே கேம் பல்சக்கரத்தில் கிராங்க் பல்சக்கரத்தைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை திறந்து மூடும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் உள்ளன என்று கொண்டால், பட்டை ஒரு பல் தாண்டிப் பொருந்தினாலே 18 பாகை பிழை ஏற்படும். அத்தகைய எஞ்சின் இழுவையின்றித் திணறும், அல்லது கிளம்பவே கிளம்பாது.

பட்டை முற்றிலும் அறுந்தால் என்ன ஆகும் என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. சில எஞ்சின்களில் வால்வு முழுதும் திறந்திருந்தாலும் பிஸ்டன் அதைத் தொடாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் தொடக்கக் கால 1.6 லிட்டர் எஞ்சினும், டொயோட்டாவின் புகழ்பெற்ற 4ஏ-ஜிஇ எஞ்சினும் இவ்வகை. கார் வழியில் நின்றுவிடும், அவ்வளவே. வேறு சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. 1982-இல் வெளிவந்த போர்ஷே 944 இதற்கு எடுத்துக்காட்டு. அதில் பட்டை அறுந்தால் வால்வுகள் வளையும், சில வேளைகளில் பிஸ்டனும் உடையும். பழைய கார் வாங்குபவர் விலை பேசுவதற்கு முன்பே தம் எஞ்சின் இவற்றுள் எவ்வகை என்று கேட்டறிவது நல்லது. பட்டையின் விலைக்கும் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் செப்பனிடும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

வரலாறு

பல்லுள்ள பட்டை முதலில் காருக்காக உருவானதன்று. 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரங்களில் ஊசியும் நூல்கண்டும் ஒத்திசைந்து இயங்குவதற்காக அது உருவாக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் அதைக் கேம் ஷாஃப்டை இயக்கப் பயன்படுத்தியது. முன்பு ஃபெராரி எஞ்சின்களை வடிவமைத்த அவுரேலியோ லாம்பிரெடி, 1966-இல் ஃபியட்டுக்காக இரட்டைக் கேம் எஞ்சினை உருவாக்கியபோது பட்டையையே தேர்ந்தெடுத்தார். சங்கிலியைவிட ஓசை குறைவு, எண்ணெய் தேவையில்லை, விலையும் மலிவு. அதன் பிறகு விளையாட்டுக் கார்களில் பட்டை பரவியது.

இந்தியாவில் அம்பாசிடர், பத்மினி கார்களில் இருந்தது சங்கிலியே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னர்தான் டைமிங் பெல்ட் என்ற சொல் ஊர்ப்புற மெக்கானிக்குகளிடமும் பரவலாயிற்று. தமிழகத்தின் பந்தயக் கார்களும் இதே வழியில் வந்தவை. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ஓரிருக்கைப் பந்தயக் கார் மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டது. நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தம் தொடக்கக் காலப் பந்தயங்களை ஓட்டியது அத்தகைய காரில்தான்.

காரின் பெயரால் அன்று, எஞ்சினின் பெயரால்

பழைய காருக்குப் பட்டை தேடுவோர் முதலில் செய்யும் தவறு, கடையில் காரின் பெயரைச் சொல்லிக் கேட்பது. கோவாவிலிருந்து 1998-இல் வெளிவந்த சான் ஸ்டார்ம் என்ற இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரைக் கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் கையை விரிப்பார்கள். ஆனால் அதன் உள்ளே இருப்பது ரெனோ நிறுவனத்தின் 1149 சிசி எஞ்சின். ஐரோப்பாவில் கிளியோ போன்ற சாதாரணக் கார்களில் ஏராளமாகப் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சின் குறியீட்டைச் சொன்னால் வழி திறந்துவிடும். சிறு நிறுவனங்களின் விளையாட்டுக் கார்கள் பெரும்பாலும் பெரிய நிறுவனத்தின் எஞ்சினைக் கடன் வாங்கியவை என்பதால் இந்த வழி பல கார்களுக்கும் பொருந்தும்.

எஞ்சின் கட்டையில் பொறித்துள்ள எண்ணையும், காரின் உற்பத்தி ஆண்டையும், பழைய பட்டையின் முதுகில் உள்ள எண்ணையும் குறித்துக்கொண்டு மூன்றையும் ஒப்பிட வேண்டும். பழைய பட்டை மட்டும் போதாதா என்றால், போதாது. முன்பு யாரேனும் தவறான பட்டையை மாட்டியிருக்கலாம்.

அளவும் பல்லின் வடிவமும்

பற்களின் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் இடைவெளி, அகலம், பல்லின் வடிவம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். கார் பட்டைகளில் 9.525 மி.மீ. இடைவெளியும் 8 மி.மீ. இடைவெளியும் பரவலாக உள்ளன. கடைசியாகச் சொன்ன வடிவத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். பழைய பட்டைகளின் பல் சரிவகம் போன்றது, பிற்காலத்தவற்றின் பல் வளைவானது. எண்ணிக்கையும் நீளமும் சரியாக இருந்தாலும் வளைந்த பல் சரிவகப் பள்ளத்தில் முழுதாக அமராது. கையால் சுற்றும்போது பொருந்துவது போலத் தோன்றும். வேகம் கூடும்போது பல்லின் அடி கிழியும்.

பொருளைப் பொறுத்தவரை மாற்றம் நன்மையே. முற்காலப் பட்டைகள் நியோப்ரீன் ரப்பரால் ஆனவை. பின்னர் வந்த ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பர் வெப்பத்தையும் எண்ணெயையும் கூடுதலாகத் தாங்கும். பல்வடிவம் மாறாமல் இந்தப் பொருளில் கிடைத்தால் அதையே வாங்கலாம். பந்தயப் பட்டை என்று வண்ணம் பூசி விற்பவை சாலையில் ஓடும் காருக்குத் தேவையில்லை.

பட்டையின் வலிமை ரப்பரில் இல்லை, அதனுள் ஓடும் கண்ணாடி இழையில் இருக்கிறது. எனவே பட்டையை மடிக்கவோ முறுக்கவோ, ஆணியில் தொங்கவிடவோ கூடாது. கயிறு போலச் சுருட்டிக் கட்டித் தரும் கடையில் வாங்காமல் திரும்பிவிடுவது மேல்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்பது பழைய கார் ஆர்வலர்களை மயக்கும் சொல். விளக்குக் கண்ணாடிக்கும் கதவுக் கைப்பிடிக்கும் அது பொருந்தலாம்; பட்டைக்குப் பொருந்தாது. பதினைந்து ஆண்டு அலமாரியில் கிடந்த ரப்பர் புதியது ஆகாது. பெட்டியிலும் பட்டையிலும் உள்ள உற்பத்தி நாளைப் பார்க்க வேண்டும். கேட்ஸ், கான்டிடெக், டேகோ, மிட்சுபோஷி போன்ற பெயர்களில் போலிகளும் விற்கப்படுவதால், அச்சு விரலில் ஒட்டினாலோ பற்களின் ஓரம் சீரற்றிருந்தாலோ ஐயம் கொள்வது நலம்.

கடற்கரை ஊர்களில்

குலசேகரன்பட்டினம், மணப்பாடு, திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்ப முடியாது. கடற்காற்றின் உப்பு ரப்பரைவிட அதைச் சுற்றியுள்ள இரும்பை முதலில் தாக்கும். டென்ஷனரின் சுருள்வில் துருப்பிடிக்கும், ஐட்லர் உருளையின் பேரிங் இறுகும், பல்சக்கரத்தின் முகம் சொரசொரப்பாகும். துருவேறிய பல்சக்கரம் புதுப் பட்டையை அரம் போல அராவும். ஆடிக்காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் சாலையெங்கும் பறப்பது இப்பகுதியினர் அறிந்ததே. பட்டையின் மூடியில் வெடிப்போ ஒரு போல்ட் குறைவோ இருந்தால் அந்த மணல் பல்லிடுக்கில் தங்கும். பழைய கார்களில் மூடியின் ரப்பர் விளிம்பு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பட்டையோடு அதையும் தேடி வாங்க வேண்டும்.

ஓடாமல் நிற்கும் கார் இன்னொரு சிக்கல். சொந்தக்காரர் வெளியூரில் வேலை பார்க்க, தசராவுக்கு ஊர் வரும்போது மட்டும் கிளப்பப்படும் காரில் பட்டை ஆண்டு முழுதும் ஒரே வளைவில் நிற்கிறது. சிறிய பல்சக்கரத்தைச் சுற்றிய பகுதி அப்படியே இறுகி, பல்லடியில் வெடிக்கத் தொடங்கும். ஓடியது 10,000 கி.மீ. கூட இல்லையே என்ற வாதம் இங்கு செல்லாது. கையேட்டில் ஆண்டுக் கெடு இருந்தால் அதையும், இல்லையேல் நான்கைந்து ஆண்டுகளையும் எல்லையாகக் கொள்வது பாதுகாப்பானது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்பதும் சான்றாகாது. புதிய வகை ரப்பர் வெளியே வெடிப்பு காட்டாமலே உள்ளிழை அறுந்து போவது உண்டு. கார் எப்போது மாற்றப்பட்டது என்ற சீட்டு இல்லாமல் கைமாறினால், மாற்றப்படவே இல்லை என்று கருதி வேலையைத் தொடங்க வேண்டும்.

உடன் மாற்ற வேண்டியவை

பட்டையை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. டென்ஷனர், ஐட்லர் உருளை, கேம் மற்றும் கிராங்க் ஆயில் சீல் ஆகியவற்றையும், வாட்டர் பம்பை இதே பட்டை இயக்குமானால் அதையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். கசியும் சீலின் எண்ணெய் புதுப் பட்டையைச் சில மாதங்களில் ஊறவைத்துக் கெடுத்துவிடும். உதிரிப் பொருளைவிடப் பிரித்து மாட்டும் கூலியே பெரிது என்பதும் ஒரு காரணம். ஃபெராரி எஃப்355-இல் பட்டையை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். போர்ஷே 944-இல் சமன்தண்டுகளுக்கென இரண்டாவது பட்டை ஒன்றும் உண்டு. அது அறுந்து முதற்பட்டையில் சிக்கினால் அதையும் கெடுக்கும்.

இழுவிசையைக் கையேடு சொல்லும் முறையில் அமைக்க வேண்டும். மிகை இறுக்கத்தில் பட்டை சீழ்க்கையடிக்கும், பேரிங்குகள் தேயும். தளர்ந்தால் பல் தாண்டும். மாட்டிய பின் கிராங்க் ஷாஃப்டைக் கருவியால் கையாலேயே முழுதாக இரு சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா என்று பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது. எங்கேனும் தடை தென்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள்.

மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி மூடியின் மேல் ஒட்டிவைப்பது பணிமனைகளில் நெடுநாளாக உள்ள பழக்கம். கழற்றிய பழைய பட்டையை உடனே குப்பையில் போடாமல் வெயிலில் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒரு பக்க விளிம்பு மட்டும் நைந்திருந்தால் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. எல்லாப் பற்களும் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் இழுவிசை தவறியிருக்கிறது. முதுகு கண்ணாடி போல மினுங்கினால், ஏதோ ஓர் உருளை சுழலாமல் நின்று அதைத் தேய்த்திருக்கிறது. அந்த உருளை எது என்று கண்டுபிடித்த பிறகே மூடியை மாட்ட வேண்டும்.