மாமல்லபுரத்தில் ரெண்டு ரூம்: அந்தக் குடும்பத்துக்கு 6 இரவு போதும், உங்களுக்கு 37 வேணும்!

சனிக்கிழமை மதியம் இசிஆர் பக்கம் போயிருக்கீங்களா? கோவளம் தாண்டியும் சென்னை வண்டிகள் வரிசையா ஊர்ந்துக்கிட்டு இருக்கும். அந்த நெரிசல்ல உட்கார்ந்திருக்கும்போது நம்மில் பல பேருக்கு ஒரே யோசனைதான் வரும். "இங்க ஒரு சின்ன வீடு லோன்ல வாங்கி, ரெண்டு ரூமை ஆன்லைன்ல விட்டா, இஎம்ஐ தானா கட்டிக்கும்ல?"

தானா கட்டிக்குமா? இன்னைக்கு பேப்பர், பேனா எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம்.

ஊருக்கு ஆள் வருது, அதுல சந்தேகமே இல்லை

மாமல்லபுரத்தின் சிற்பங்கள் 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. 2021-22-ல், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது இங்கேதான். சுமார் 1.45 லட்சம் பேர். அந்த வருஷம் தாஜ்மஹாலுக்கே சுமார் 39 ஆயிரம் பேர்தான். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் இங்கே நடந்தது.

ஒத்தவாடைத் தெருவில் ஒரு நடை நடந்தா, இந்தக் கூட்டத்தை நம்பி வாழும் சின்னச் சின்ன தங்கும் விடுதிகளைப் பார்க்கலாம். இந்த மாதிரி ஊர்கள்ல குடும்பமே நடத்தும் இடங்கள் எப்படி ஓடும்னு யோசிச்சுப் பாருங்க. கீழே வீடு, மாடியில் ரூம். அம்மா சாவி கொடுப்பாங்க, அப்பா மோட்டார் போடுவார், பையன் போனில் புக்கிங் பார்ப்பான்.

அவங்களால முடியுதுன்னா நம்மால முடியாதா? கணக்கு இங்கேதான் பிரியுது.

நம்ம மனசுல ஓடும் கணக்கு

ரெண்டு ரூம், ஒரு ரூம் ராத்திரிக்கு ₹2,000, மாசம் 30 நாள். ஆக ₹1,20,000. பார்க்கவே ஆசையா இருக்கும்.

நிஜக் கணக்கு

ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். வெள்ளி, சனி ராத்திரிகள் மாசம் 8 நாள். ரெண்டு ரூமும் நிறைஞ்சா 16 இரவு. வார நாட்களில் ரூமுக்கு 3 இரவு வீதம் 6. மொத்தம் 22 இரவு. வருமானம் ₹44,000.

இனி செலவு:

- புக்கிங் தளத்தின் கமிஷன் 15%: ₹6,600
- பெட்ஷீட், டவல் துவைக்க, இரவுக்கு ₹150 வீதம்: ₹3,300
- கரண்ட், தண்ணி, இன்டர்நெட்: ₹5,000
- வீட்டைப் பார்த்துக்கும் ஆளுக்குச் சம்பளம்: ₹12,000
- ரிப்பேர்: ₹4,000 (உப்புக் காத்து ஏசி, கேட், குழாய் எதையும் விட்டு வைக்காது)

செலவு மொத்தம் ₹30,900. மிச்சம் ₹13,100.

இப்போ இஎம்ஐ-க்கு வருவோம். ₹40 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் ₹36,000. அதாவது ஒவ்வொரு மாசமும் உங்க சம்பளத்திலிருந்து ₹22,900 எடுத்து இந்த வீட்டுக்குப் போடணும். வருஷத்துக்கு ₹2.75 லட்சம். நீங்க கையிலிருந்து போட்ட முன்பணம் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இதே ரூமை மாமல்லபுரத்திலேயே சொந்த வீட்டில் இருக்கும் குடும்பம் நடத்தினா? கடன் இல்லை. ஆள் சம்பளம் இல்லை, வேலையை அவங்களே செய்றாங்க. மிச்சம் ₹25,100. ஆனா அதில் ₹12,000 லாபம் இல்லைங்க, அவங்க உழைப்புக்கான கூலி.

ஒரு இரவில் கமிஷனும் துவைக்கிற செலவும் போக கையில் நிக்கிறது ₹1,550. கரண்ட், ரிப்பேர் மட்டும் கட்ட அந்தக் குடும்பத்துக்கு மாசம் 6 இரவு போதும். இஎம்ஐ, ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கட்ட உங்களுக்கு 60-ல் 37 இரவு நிறையணும். அதுவும் ஒவ்வொரு மாசமும்.

வராத மாசங்கள்

கிரேக்கத் தீவுகளிலும் குடும்பங்கள்தான் இப்படி ரூம் விடுறாங்க. அங்கே சீசன் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. குளிர்காலத்தில் பல வீடுகள் பூட்டியே இருக்கும். கோடையில் வந்ததை வெச்சுத்தான் வருஷம் முழுக்க ஓட்டணும்.

நம்ம ஊர் சீசன் டிசம்பர், ஜனவரி. நாட்டிய விழா, அரையாண்டு லீவு, பொங்கல், வெளிநாட்டவர் எல்லாம் அப்போதான். புயலும் அதே சமயத்தில்தான் வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறக்க முடியாது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரம் பக்கத்தில்தான். 2020 மார்ச்சில் சின்னங்களை மூடினப்போ மாசக்கணக்கில் ஊருக்கு ஆளே வரலை. 6 இரவு போதும்னு இருக்கறவங்க இதைத் தாங்கிடுவாங்க. 37 வேணும்னு இருக்கறவங்களுக்கு ரெண்டு மாசத்துலேயே மூச்சு முட்டும்.

கையெழுத்துப் போடும் முன்னாடி இதெல்லாம் பாருங்க

மத்திய அரசின் ஹோம்ஸ்டே திட்டத்தில் பதிவு செய்யணும்னா, வீட்டுக்காரக் குடும்பம் அந்த வீட்டிலேயே குடியிருக்கணும். 1 முதல் 6 ரூம் வரைதான். நீங்க போரூரில் இருந்துக்கிட்டு மாமல்லபுரத்தில் ரூம் விட்டா அந்தத் திட்டத்துக்குள்ள வர மாட்டீங்க.

பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்கணும். மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஊருக்கு நடுவிலேயே இருக்கு, அதனால புரோக்கர் பேச்சை நம்பாம அளந்து பாருங்க. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தனி.

வெளிநாட்டவர் தங்கினா 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்கணும். வருமான வரியிலும் கவனம். சேவைகளோட ரூம் விடுறது பெரும்பாலும் தொழில் வருமானமாத்தான் பார்க்கப்படும். அப்போ நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது.

"வீட்டு விலை ஏறுமே?"

ஏறலாம். ஆனா அப்போ நீங்க செய்றது நில முதலீடு. மாசம் ₹22,900-ஐ 20 வருஷம் வேற எதில் போட்டா என்ன கிடைக்கும்னு அதோட ஒப்பிட்டு முடிவு பண்ணுங்க. "ரூம் வாடகை இஎம்ஐ கட்டும்" என்கிற சமாதானத்தை மட்டும் இதில் கலக்காதீங்க.

அப்போ யாருக்கு இது சரிப்படும்?

செங்கல்பட்டு பக்கமோ, கடலோர ஊரிலோ உங்க அப்பா அம்மா சொந்த வீட்டில் இருக்காங்களா? மாடி சும்மா இருக்கா? அவங்களுக்கு விருப்பமும் உடம்புல தெம்பும் இருந்தா, கடன் இல்லாம ஒரே ஒரு ரூமில் ஆரம்பிங்க. வர்ற பணத்தில் அவங்க கூலியைத் தனியா எடுத்து அவங்க கையிலேயே கொடுங்க. மிச்சத்தில் ஆறு மாசச் செலவைச் சேர்த்து வெச்சுட்டு, அப்புறம் ரெண்டாவது ரூமைப் பத்தி யோசிங்க.

வீடு வாங்கியே தீரணும்னு இருந்தா ஒரு வேலை செய்யுங்க. சனிக்கிழமை போகாதீங்க. ஜூலை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய், அந்தத் தெருவில் எத்தனை ரூமில் விளக்கு எரியுதுன்னு எண்ணிப் பாருங்க. அட்வான்ஸ் கொடுக்கலாமா வேண்டாமான்னு அந்த எண்ணிக்கையை வெச்சு முடிவு பண்ணுங்க.