கூரையைப் பிரித்த நால்வர்

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர் நால்வர். ஒருவர் கைவிட்டிருப்பினும் படுக்கை சாய்ந்திருக்கும். மனநலக் குறைவோ கற்றல் இடரோ உள்ள குழந்தையின் நிலையும் இத்தகையதே.

மருங்காபுரி போன்ற ஒன்றியங்களிலும் சுமப்போர் உளர். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, அங்கன்வாடிகளை ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளை ஒருமுறையும் நாடி, 18 வயதுவரை சிறாரைச் சோதித்தல் வேண்டும். ஐயமுற்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்புதல் வேண்டும். குழந்தை மருத்துவர், உளவியலார், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஆங்கு ஒருங்கே பணிபுரிவர் என்பதே ஏற்பாடு. வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர் உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் 21 வகை இயலாமைகளுள் மதியிறுக்கமும் கற்றல் குறைபாடும் அடங்கும்.

ஆயினும் சீட்டு மட்டும் ஊர்விட்டு ஊர் சென்றால் போதுமோ? எழுத்துகளை மாற்றி எழுதும் சிறுவனை ஆசிரியர் சோம்பேறி என்கிறார். அவனோ பள்ளிக்கு அஞ்சி வயிற்றுவலி என்கிறான். மருத்துவர் வயிற்றுக்கே மருந்தளிக்கிறார். இவ்விருவரும் ஒருமுறை கூடிப் பேசின் காரணம் விளங்கும். அக்கூட்டத்திற்கு முதற்கண் அழைக்கப்பட வேண்டியவள் தாய். நாள்தோறும் உடனிருப்பவள் அவளன்றோ!

சபையாருள் சிலர் இதனைப் பேயென்றும் பெற்றோர் பாவத்தின் பலனென்றும் கூறுகின்றனர். யோவான் 9இல் சீடர்கள் எழுப்பிய அதே வினாவை ஆண்டவர் ஏற்கவில்லை. ஜெபிப்போம், ஜெபித்தபின் அனுப்பியும் வைப்போம். மருங்காபுரியிலிருந்து திருச்சி செல்லும் தாய் ஒருநாட் கூலியை இழக்கிறாள். அந்நாளின் பேருந்துக் கட்டணத்தையேனும் காணிக்கையிலிருந்து அளிக்கலாகாதா என நம் மூப்பர்களைக் கேட்கிறோம்.