ஸ்லோ குக்கர்: சூடு போதாததே ஆபத்து

2018 ஜனவரியில் அமெரிக்கர்கள் சிலர் தங்கள் வீட்டு ஸ்லோ குக்கரைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சமூக வலைத்தளங்களில் எழுதினார்கள். காரணம் ஒரு தொலைக்காட்சித் தொடர். ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அந்தத் தொடரில், அணைத்துவைத்த பழைய ஸ்லோ குக்கர் ஒன்று சுவிட்ச் பழுதாகி நடுராத்திரியில் தானே சூடேறும், பக்கத்தில் கிடக்கும் துணி பற்றிக்கொள்ளும், வீடு எரியும், அதன் விளைவாகக் குடும்பத் தலைவர் இறப்பார். கதையில் வந்த குக்கருக்குப் பிராண்டு பெயரே கிடையாது. ஆனாலும் ஸ்லோ குக்கர் விற்கும் கிராக்-பாட் நிறுவனம் புதிதாக ஒரு ட்விட்டர் கணக்கைத் தொடங்கிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் அந்தக் குடும்பத் தலைவராக நடித்த மைலோ வென்டிமிக்லியாவையே வைத்து விளம்பரமும் எடுத்தார்கள்.

எந்த மின்சாதனமும் பழுதானால் தீப்பிடிக்கலாம்தான். வயர் நைந்திருந்தால், பிளக் கறுத்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலையில் இறைச்சி, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் போட்டு மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து குடும்பமாக உட்கார்ந்து காசரோல் சாப்பிடும் வீட்டில் கெடுதல் பெரும்பாலும் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. சூடு கூடிப்போய் வருவதில்லை, போதாமல்போய் வருகிறது.

முதலில் ராஜ்மா. ரெட் கிட்னி பீன்ஸ் என்று அமெரிக்காவில் பாக்கெட்டில் விற்கும் அதே சிவப்புப் பயறு. பச்சையாக இருக்கும்போது அதில் பைட்டோஹெமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் நிறைய உண்டு. பச்சை ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 அலகு வரை. முழுதாக வெந்ததில் 200 முதல் 400 அலகுதான் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சரியாக வேகாத நாலைந்து மணிகளே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் கடுமையான வாந்தியும் வரும், பிறகு வயிற்றுப்போக்கு. வெள்ளை ராஜ்மாவில் இந்த நச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

இந்த நச்சு கொதிநிலையில் அழியும். அரைகுறைச் சூட்டில் நடப்பது வேறு: 80 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடாக்கினால் அதன் வீரியம் பச்சைப் பயற்றில் இருந்ததைவிட ஐந்து மடங்கு வரை ஏறலாம். ஸ்லோ குக்கரில் ‘லோ’ வைத்தால் உள்ளே இருக்கும் குழம்பு 75 டிகிரியைத் தாண்டாமலேயே பல மணி நேரம் கிடக்கக்கூடும். ராஜ்மாவுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. பீன்ஸ் மசிந்துவிட்டதே என்று சமாதானம் கொள்ளவும் வழியில்லை. மசிவது வேறு, நச்சு போவது வேறு.

இத்தனைக்கும் இந்தச் சாதனத்தின் பூர்வீகமே பீன்ஸ்தான். இர்விங் நாக்ஸன் என்ற யூதக் கண்டுபிடிப்பாளர், லித்துவேனியாவின் வில்னாவில் ஓய்வுநாளுக்கு முன் ரொட்டிக்கடை அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவு முழுவதும் வேகவைத்த ‘சோலண்ட்’ கூட்டைப் பற்றித் தாய் சொல்லிக் கேட்டு, அதை மின்சாரத்தில் செய்ய முயன்றார். 1940-இல் காப்புரிமை கிடைத்தது. அவர் விற்ற பாத்திரத்தின் பெயர் ‘நாக்ஸன் பீனரி’. 1970-இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, 1971-இல் கிராக்-பாட் என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீன்ஸ் வேகவைக்கவே பிறந்த பாத்திரத்தில் ஒரு வகை பீன்ஸை மட்டும் நேரடியாகப் போடக் கூடாது என்பதை வாங்குகிறவர் எதிர்பார்க்க முடியாது. இதைப் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

நியூஜெர்சியிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் குடியேறிய தமிழ் வீடுகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சமையலறையில் இரவு ஊறப்போட்ட ராஜ்மாவைக் காலையில் பிரஷர் குக்கரில் வைத்து நாலைந்து விசில் விடுவோம். குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரி. நச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் பல தலைமுறை தப்பித்திருக்கிறது, விசில் பார்த்துக்கொண்டதால். அதே கைப்பழக்கத்தோடு ஊறிய ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கருக்கு மாற்றினால் அந்தக் காவல் இருக்காது.

பரிகாரம் எளிது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பிறகு ஸ்லோ குக்கரில் சேர்க்கலாம். பிரஷர் குக்கரில் வேகவைத்தும் சேர்க்கலாம். டின்னில் வரும் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. தக்காளி, புளி போன்ற புளிப்பு எதுவானாலும் பயறு வெந்த பிறகே போடுங்கள். முன்னால் போட்டால் பயறு விறைத்துக்கொள்ளும்.

அடுத்தது இறைச்சி. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஸ்லோ குக்கர் இந்த எல்லையைக் கடக்கவே நேரம் எடுத்துக்கொள்ளும் சாதனம். உறைந்த கோழியை அப்படியே உள்ளே போட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கும். முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். வேகச் சுணங்கும் கேரட்டும் உருளைக்கிழங்கும் அடியில், இறைச்சி அதற்கு மேல், ஊற்றும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க. பாத்திரம் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் ‘ஹை’யில் வைத்துவிட்டுப் பிறகு ‘லோ’வுக்குக் குறைக்கலாம். வாசனை வருகிறதே என்று அடிக்கடி மூடியைத் திறந்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் வேகும் நேரம் கூடும்.

வெந்ததா என்பதைக் கண் சொல்லாது. பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் சமையல் வெப்பமானி சொல்லும்: கோழிக்கு 74 டிகிரி, கொத்துக்கறிக்கு 71. ‘வார்ம்’ என்ற பொத்தான் வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டுமே. அதில் சமைக்க முடியாது. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குங்கள், ஸ்லோ குக்கரில் வேண்டாம்.

மின்வெட்டு வந்தால்? பனிப்புயல் அடிக்கும் ஊர்களில் இது அடிக்கடி எழும் கேள்வி. வீட்டில் ஆள் இருந்தால் உடனே வேறு அடுப்பில் வேகவைத்து முடிக்கலாம். யாரும் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய்த் திரும்ப வந்திருந்தால், பார்க்க நன்றாக வெந்த மாதிரி இருந்தாலும் அத்தனையையும் கொட்டிவிட வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சோற்றைக் கொட்டப் பழகாத நமக்கு இது கசக்கும். ஆனால் சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.

சாப்பிட்ட பின் யாருக்காவது முடியாமல்போனால், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தி, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு ஆகிய எது வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1-800-222-1222 என்ற நச்சுத் தகவல் எண் இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து, சாப்பிட்டவர்கள் பலர் சேர்ந்தாற்போல் படுத்தால் உள்ளூர்ச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சமைத்தவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து மறைப்பவர்கள் உண்டு. அது, பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஊருக்குத் திரும்பும்போது சூட்கேஸில் போகும் ஸ்லோ குக்கரையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 120 வோல்ட், இந்தியாவில் 230. அங்கே வாங்கியதை இங்கே பிளக் மாற்றி மட்டும் செருகினால், சூடேற்றும் சுருள் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தி இழுக்கும். தொலைக்காட்சித் தொடரில் காட்டிய தீக்கு இதுதான் நிஜமான குறுக்கு வழி. இந்தியாவில் வாங்கியதை அங்கே கொண்டுபோனால் கால்வாசிச் சக்தியே கிடைக்கும். விளக்கு எரியும், குழம்பு வெதுவெதுப்பாகக் கிடக்கும். இரண்டில் இரண்டாவதே ஏமாற்றும்.

சரி, நாம் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சாதனமே கோளாறாக இருந்தால்? 2020 நவம்பரில் சன்பீம் நிறுவனம் கிராக்-பாட் எக்ஸ்பிரஸ் என்ற மல்டி குக்கர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 9 லட்சத்துக்கும் மேல். மூடி சரியாகப் பூட்டாத நிலையிலேயே உள்ளே அழுத்தம் ஏறி, மூடி பறந்து, 99 பேருக்குத் தீக்காயம் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. பிரஷர் குக்கராகப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள், மாற்று மூடி இலவசம், ஸ்லோ குக்கராகத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது அறிவிப்பின் சாரம். இந்த நுணுக்கம் தெரியாதவர் ஒன்று நல்ல பாத்திரத்தைத் தூக்கிப்போடுவார், அல்லது ஆபத்தான மூடியோடு விசில் விட்டுக்கொண்டிருப்பார்.

இப்படித் திரும்ப அழைக்கப்படும் பொருளுக்குப் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் அறிவிப்பில் சொன்னதைச் செலவில்லாமல் பெறுவது வாங்கியவரின் உரிமை. அதைக் கண்காணிப்பது சி.பி.எஸ்.சி. என்ற அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். 2008-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரும்ப அழைக்கப்பட்ட பொருளை விற்பதே குற்றம். வீட்டு வாசலில் போடும் கராஜ் சேலுக்கும் இது பொருந்தும். புதிதாகக் குடியேறுபவர்கள், ஊர் மாறிப்போகும் நண்பர்களிடம் பாத்திரபண்டம் வாங்குவது வழக்கம். வாங்குமுன் அடியில் உள்ள மாடல் எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

வாரண்டி விஷயத்தில் 1975-இன் மாக்னஸன்-மாஸ் சட்டம் உதவும். எங்கள் மூடியையே, எங்கள் உதிரிபாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி செல்லும் என்று, அதை இலவசமாகத் தராத நிறுவனம் நிபந்தனை போட முடியாது. பிரிட்டனில் 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு. பொறுப்பு விற்ற கடைக்கு; “தயாரித்த கம்பெனியைக் கேளுங்கள்” என்று கடைக்காரர் கைகழுவ முடியாது. 30 நாளுக்குள் பழுது தெரிந்தால் பொருளைத் திருப்பிக்கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், அது ஆரம்பத்திலேயே இருந்த பழுது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கடையின் வேலை. கனடாவில் ஹெல்த் கனடாவிடம் புகார் செய்யலாம். இந்தியாவில் வாங்கியதென்றால் 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 1915 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன.

எந்த நாடானாலும், வெடித்த மூடியையோ கருகிய வயரையோ கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதுதான் சாட்சி. கழுவாமல், பிரிக்காமல், படமெடுத்து, மாடல் எண்ணும் ரசீதும் மருத்துவச் சீட்டும் சேர்த்து வையுங்கள். பரிசோதிக்க அனுப்புங்கள் என்று நிறுவனம் கேட்டாலும், காயம் பட்டிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆணையத்தின் ‘சேஃபர் ப்ராடக்ட்ஸ்’ தளத்தில் எவரும் புகாரைப் பதியலாம். ஆணையம் அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, பதில் சொல்ல வாய்ப்பளித்துவிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும். உங்கள் பெயர் வெளியே வராது. நீங்கள் சம்மதித்தால் மட்டுமே தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கப்படும்.