கடல் ஓதம் அரைத்த மாவு

நிலா ஏற்றும் கடல்நீரைக் கொண்டு கோதுமை அரைக்க முடியுமா? இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், டெபென் ஆற்றங்கரையில் உள்ள வுட்பிரிட்ஜ் ஓத ஆலை இன்றும் அரைக்கிறது. அந்த இடத்தில் ஓர் ஆலை இருந்ததற்கு 1170-ஆம் ஆண்டிலேயே பதிவு உண்டு. இப்போதுள்ள வெள்ளை மரக் கட்டடம் 1793-இல் எழுந்தது.

வேலை செய்யும் விதம்தான் அழகு! கடல் ஏறும்போது ஆற்று நீர் கதவைத் தானே தள்ளித் திறந்து ஆலையின் குளத்தை நிரப்புகிறது. வற்றம் தொடங்கியதும், உள்ளே நிற்கும் நீரின் கனமே அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. வெளியே நீர் சக்கரத்துக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து, மதகைத் திறக்கிறார் ஆலைக்காரர். சக்கரம் சுழல, மேலே கல் சுற்ற, மாவு இளஞ்சூடாகக் கொட்டுகிறது. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் அந்தக் காலத்து ஆலைக்காரருக்கு நள்ளிரவிலும் வேலை இருந்தது.

1957-இல் சக்கரத்தின் ஓக் மர அச்சு முறிந்து ஆலை நின்றுபோனது. இடிந்து போகவிருந்ததை ஊர் மக்களும் ஆர்வலர்களும் மீட்டார்கள். 1973-இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள். 2012 வாக்கில் புதுச் சக்கரமும் வந்தது.

போகிறவர்கள் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், நேயர்களே. கல் சுற்றும்போது காலடியில் மரத்தளம் அதிர்வதை நின்று உணர வேண்டும். அங்கே அரைத்த முழுக்கோதுமை மாவையும் வாங்கி வரலாம்.