உங்களுக்குத் தெரியுமா? கைதிகள் பெயரில் ஓர் ஏரி

1871 செப்டம்பர் 17. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், கார்சன் சிட்டி சிறையிலிருந்து 29 கைதிகள் தப்பினார்கள். அவர்களைத் தடுக்கப்போய்க் காயமடைந்த சிறை வார்டன் வேறு யாருமல்ல, மாநிலத்தின் துணை ஆளுநர் ஃபிராங்க் டென்வர்தான்! அந்தக் காலத்தில் நெவாடாவில் துணை ஆளுநராக இருப்பவரே சிறைக்கும் பொறுப்பு.

• ஆறு பேர் தெற்கே கலிஃபோர்னியா மலைகளை நோக்கி ஓடினார்கள். வழியில் தபால் கொண்டுவந்த பில்லி புவர் என்ற இளைஞனைக் கொன்றார்கள்.

• பென்டன் ஊரார் துப்பாக்கியோடு துரத்தினார்கள். ஒரு மலை ஏரிக்கருகே நடந்த மோதலில் வணிகர் ராபர்ட் மோரிசனும், வழிகாட்டியாக வந்த பையூட் பழங்குடியினரான மோனோ ஜிம்மும் உயிரிழந்தனர். ஏரிக்கு மேலே நிற்கும் சிகரம் இன்று மவுண்ட் மோரிசன். ஏரிக்கோ கொலைகாரர்களால் வந்த பெயர்: கான்விக்ட் ஏரி. இப்போது அங்கே டிரௌட் மீன் பிடிக்கக் கூட்டம் அலைமோதுகிறது.

• பின்னர் பிடிபட்டவர்களில் இருவரை விசாரணைக்கெல்லாம் காத்திராமல் பொதுமக்களே தூக்கிலிட்டார்கள்.

• ஹாலிவுட் சும்மா விடுமா? 1951-இல் ‘தி சீக்ரெட் ஆஃப் கான்விக்ட் லேக்’ வந்தது. கிளென் ஃபோர்டு, ஜீன் டியர்னி நடித்த படம். ஆண்கள் வெளியே போயிருக்க, பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு குடியிருப்புக்குள் கைதிகள் நுழைவதாகக் கதை. அந்தக் குடியிருப்பு முழுக்க முழுக்க எழுத்தாளர்களின் கைவண்ணம்.